வலமாகச் சுற்றிய குற்றம்

அன்னவாசல் பேருந்து நிறுத்தத்தில் என் சித்தப்பா ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார். "அயல்நாட்டு விமானப் போட்டியில் சாதனை படைத்துத் திரும்பும் எங்கள் வீட்டு வானம்பாடியே, வருக வருக!" என்று நடுவில் என் படம். பின்னால் நானூறு பேர் ஏறுகிற ஒரு ஜெட் விமானம். விடுமுறைக்கு ஊருக்கு வந்தவளுக்கு, பஸ்ஸை விட்டு இறங்கியதும் கிடைத்த முதல் அதிர்ச்சி அதுதான்.

நான் ஓட்டியதில் எஞ்சினே கிடையாது. சாதனையும் கிடையாது. நாற்பது பேரில் முப்பத்தொன்றாவதாக வந்தேன். இதைச் சொன்னால் சித்தப்பா, "அதெல்லாம் யாருத்தா பாக்கப் போறா? விடு" என்கிறார். யார் பார்க்கப்போகிறார்கள் என்ற இதே பேச்சைப் போலந்தில் வேறு மொழியில் கேட்டு, வயிறு எரிந்து வந்திருக்கிறேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். ஃபிளெக்ஸைப் பார்த்தவர்கள் இதையும் படிக்கட்டும்.

கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். இன்னொரு சிறு விமானம் கயிறு கட்டி நம்மை மேலே இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடும். அப்புறம் நம் பாடு. வெயிலில் சூடான தரையிலிருந்து காற்று கிளம்பி மேலே போகும். அதைத் தெர்மல் என்பார்கள். அதற்குள் புகுந்து வட்டமடித்தால் ஏறலாம். ஏறிய உயரத்தைச் செலவழித்து அடுத்த தெர்மலுக்குச் சறுக்கலாம். இப்படியே அன்றைக்குச் சொன்ன ஊர்களைச் சுற்றிவிட்டு யார் சீக்கிரம் திரும்புகிறாரோ அவருக்கு வெற்றி. வழியில் தெர்மல் கிடைக்காவிட்டால் ஏதாவது வயலில் இறங்கி, "வந்து தூக்கிக்கொண்டு போங்கள்" என்று போன் செய்ய வேண்டும்.

என்னைத் தூக்கிக்கொண்டு போக வந்தவர் பாத்திமாக்கா. ஜெகதாப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். ஜெர்மனியில் நான் வேலை பார்க்கிற அதே ஊரில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார். அந்த ஊர் கிளைடர் கிளப்பில்தான் நான் பழகினேன். கிளப்பில் கிளைடரை இரவல் கொடுத்தார்கள். றெக்கையைக் கழற்றி அடுக்கி வைக்கிற ஒன்பது மீட்டர் வெள்ளைப் பெட்டியைக் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும். கிளப்பில் எல்லோரும் தயங்கியபோது பாத்திமாக்கா, "ஐஸ் லாரிய ரிவர்ஸ் எடுக்குறத பாத்தே வளந்தவ நான். இது என்ன பெரிய இது" என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

போலந்தில் முதல் நாள் பதிவு மேஜையில் இருந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "விமானி எப்போது வருவார்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். சிரித்தார். உரிமத்தைக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். எனக்கு முன்னால் நின்ற ஆறு பேரின் உரிமத்தையும் அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டாவது சண்டை. பாத்திமாக்கா சூப்பைக் காட்டி, பன்றி இருக்கிறதா என்று கேட்டார். பரிமாறிய அம்மாள் மிகுந்த அன்போடு, "இல்லவே இல்லை, வெறும் கொழுப்பு மட்டும்தான்" என்றார். அக்கா கும்பிட்டுவிட்டு ரொட்டிப் பக்கம் போய்விட்டார். பிறகு நம் பூரணக் கொழுக்கட்டைபோல ஒன்று வந்தது. நம்பிக் கடித்தால் உள்ளே ஸ்ட்ராபெர்ரி, மேலே புளிச்ச கிரீம். கொழுக்கட்டைக்கு இப்படி ஒரு அநியாயத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஆனாலும் எட்டு சாப்பிட்டேன்.

போட்டியின் முதல் நாள் நான் செய்தது தப்பு. அதை மறைக்கவில்லை. காலைக் கூட்டத்தில் போட்டி இயக்குநர் விதிகளை வாசித்தார். நரைத்த மீசை, கழுத்தில் விசில், பள்ளிக்கூட பி.டி. வாத்தியார் தோரணை. விமானத் திடலைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் வட்டமடிக்க வேண்டும். இல்லையென்றால் நேருக்கு நேர் மோதிக்கொள்வார்கள். ஒற்றைப்படைத் தேதியில் இடப்பக்கம், இரட்டைப்படையில் வலப்பக்கம். பத்து கிலோமீட்டருக்கு வெளியே, ஒரு தெர்மலுக்குள் யார் முதலில் நுழைந்தாரோ அவர் சுற்றுகிற பக்கமே மற்றவர்களும் சுற்ற வேண்டும். நல்ல விதிகள். காதில் வாங்கினேன், தலையையும் ஆட்டினேன். அன்றைக்கு ஒற்றைப்படைத் தேதி.

கயிற்றிலிருந்து விடுபட்டதும் என் வலது றெக்கை லேசாகத் தூக்கியது. தெர்மல் அந்தப் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். கை தானாக வலப்பக்கம் சாய்த்தது. நான் யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டில் பரீட்சைக்குப் போனாலும் பிள்ளையாரை மூன்று சுற்று, புது வண்டி வாங்கினாலும் கோயிலை ஒரு சுற்று. எல்லாம் வலம்தான். இடமாகச் சுற்றிப் பார்த்தது அப்பாவைச் சுடுகாட்டில் வைத்த அன்றைக்கு மட்டும். கிளைடரில் முதன்முதலாக இடப்பக்கம் வட்டமடித்தபோது மனசு ஒப்பவேயில்லை. "உன் வலது வட்டம் வெண்ணெய், இடது வட்டம் விறகு" என்று ஜெர்மனியில் என் பயிற்சியாளர் சொல்வார். அதைச் சரிசெய்திருக்க வேண்டும். சோம்பலில் விட்டுவிட்டேன்.

இரண்டே சுற்று. எதிரே நான்கைந்து வெள்ளை றெக்கைகளைப் பார்த்ததும் நிமிர்த்தி, இடப்பக்கம் திருப்பினேன். மாலை எழுத்தில் எச்சரிக்கை வந்தது. சரி, வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் மறுநாள் கூட்டத்தில் இயக்குநர் நாற்பது பேருக்கு முன்னால், "இந்தியாவிலிருந்து வந்திருக்கும் நம் விருந்தாளிக்காக இடது எது, வலது எது என்று மறுபடி காட்டுகிறேன்" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். முந்தின நாள் ஒருவர் பறக்கக் கூடாத பகுதியின் எல்லைக்கோட்டை எகிறிவிட்டு எச்சரிக்கை வாங்கியிருந்தார். அவருக்கு யாரும் கோடு வரைந்து காட்டவில்லை.

காருக்கு வந்து பாத்திமாக்காவிடம் குமுறினேன். அவர் தேநீரை உறிஞ்சிக்கொண்டு, "மக்காவுல நாங்க காபாவ இடமாத்தான் சுத்துவோம் புள்ள. என்னைய மேல அனுப்பியிருந்தா இந்தத் தப்பே வந்திருக்காது" என்றார். கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று முழுக்க மழை. யாரும் பறக்கவில்லை.

மூன்றாம் நாள்தான் என் வயிறு எரிந்தது.

திடலிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கீழே ஒரு மரம் அறுக்கும் ஆலை. அதன் தகரக் கூரைக்கு மேலே நல்ல தெர்மல் ஒன்றைப் பிடித்தேன். சுற்றிலும் ஒருவரும் இல்லை. வலப்பக்கம் நாலு சுற்று போட்டேன். அப்புறம் தூரத்திலிருந்து ஒரு கிளைடர் நேராக வந்து நுழைந்தது. வாலில் 37 என்று எழுதியிருந்ததால் அந்த ஆளை முப்பத்தேழு என்றே சொல்கிறேன். நுழைந்தவர் இடப்பக்கம் சாய்த்தார். நான் வலம், அவர் இடம். எதிரெதிரே பாய்ந்தோம். விமானத்தின் கண்ணாடி மூடிக்குள் அவர் போட்டிருந்த தொப்பியின் நிறம் தெரிந்தது, சிவப்பு. நான் கிளைடரின் மூக்கை அமுக்கிக் கீழே பாய்ந்து தப்பித்தேன். ரேடியோவில் அவர் குரல்: "தவறான பக்கம்! மறுபடியும் தவறான பக்கம்!"

அந்தத் தெர்மலை விட்டேன். அடுத்தது கிடைக்கவில்லை. அரை மணி நேரத்தில் அறுத்து முடித்த ஒரு கோதுமை வயலில் இறங்கினேன்.

வயல்காரரும் அவர் மனைவியும் டிராக்டரில் வந்தார்கள். அந்த அம்மாள் கிளைடருக்குள் குனிந்து பார்த்தார், இருக்கைக்குப் பின்னாலும் பார்த்தார். பிறகு என்னிடம் கையை விரித்து, ஓட்டியவர் எங்கே என்று ஜாடையில் கேட்டார். நான் என் மார்பைத் தொட்டுக் காட்டினேன். அவர் கணவரின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். என்ன பந்தயம் கட்டியிருந்தார்களோ தெரியவில்லை. செர்ரிப் பழம் போட்டுக் காய்ச்சிய குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். அந்த ஊரில் என்னை நம்பிய முதல் ஆள் அவர்தான்.

பாத்திமாக்கா போன் செய்தார். "ஏ புள்ள, இந்த மேப்பு என்னைய காட்டுக்குள்ள கொண்டாந்து விட்ருச்சு. மணல்ல டயரு பொதஞ்சிருச்சு. முன்னாலயும் போகல, பின்னாலயும் போகல." வயல்காரருக்கு இடத்தைக் காட்டியதும் டிராக்டரைத் திருப்பினார். போய்ப் பார்த்தால் அக்கா பைன் மரத்தடியில் சீட்டைச் சாய்த்து உட்கார்ந்து மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பதட்டப்பட்டா மட்டும் டயரு வெளிய வந்துருமா?" என்றார். இழுத்து, கட்டி, றெக்கையைக் கழற்றி, பெட்டியில் அடுக்கித் திடலுக்கு வந்தபோது மணி ஏழே முக்கால். போலந்தின் கோடைச் சூரியன் இன்னும் மரங்களுக்கு மேலேதான் நின்றது.

அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். ஆபத்தாகப் பறந்ததாக என்மேல் முப்பத்தேழு கொடுத்த புகார் ஏற்கப்பட்டது. இது இரண்டாவது முறை. இன்றைய மதிப்பெண் பூஜ்யம். மூன்றாவது முறை நடந்தால் போட்டியிலிருந்து நீக்கம். ஆட்சேபம் இருந்தால் ஏழு மணிக்குள் எழுதித் தரவும்.

ஏழு மணிக்கு நான் வயலில் றெக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை இயக்குநரின் அறைக்குப் போனேன். ஒவ்வொரு கிளைடரிலும் ஒரு பதிவுக் கருவி உண்டு. எந்த நொடியில் எங்கே, எந்த உயரத்தில், எந்தப் பக்கம் திரும்பினோம் என்று எல்லாம் அதில் விழும். என் பதிவைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். ஏன்? "அனுபவசாலியான விமானி எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்களோ முதல் நாளே தவறு செய்தவர். இதில் பார்க்க என்ன இருக்கிறது?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். திறந்து காட்டாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். அவர் பெருமூச்சு விட்டுத் திறந்தார். திரையில் என்னுடையது சிவப்புக் கோடு, முப்பத்தேழுடையது நீலம். மர ஆலைக்கு மேலே சிவப்பு நாலு வளையம் போடுகிறது. அப்போது நீலம் இன்னும் ஆறு கிலோமீட்டர் தொலைவில் வருகிறது. அவர் மீசையைத் தடவினார். மறுபடி ஓட்டிப் பார்த்தார்.

"நீங்கள் சொல்வது சரிதான்" என்றார். "ஆனால் ஆட்சேபத்துக்கான நேரம் முடிந்துவிட்டது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். எடுத்த முடிவு நிற்கும்."

"அப்படியானால் இந்தக் கோட்டையாவது கூட்டத்தில் காட்டுங்கள். அன்றைக்குக் கையைத் தூக்கிக் காட்டினீர்களே."

"முடிந்துபோன விஷயம். இனிமேல் இதை யார் பார்க்கப்போகிறார்கள்?"

சரி என்று தெரிந்த பிறகும் ஒருவரால் எப்படித் தப்பைக் கையெழுத்தோடு பலகையில் தொங்கவிட்டு வைத்திருக்க முடிகிறது? இன்றுவரை எனக்கு இது விளங்கவில்லை. வெளியே வந்து பாத்திமாக்காவிடம், கிளம்பிவிடலாம் என்றேன்.

"எங்கண்ணன் போட்டுலயும் ஜிபிஎஸ் இருக்கு" என்றார் அவர். "போன வருசம் இலங்கை நேவி புடிச்சிட்டுப் போனப்ப, நாங்க கோட்டத் தாண்டல, மிஷின தொறந்து பாருங்கன்னு கத்துனாரு. யாரு பாத்தா? நாப்பது நாளு உள்ள இருந்துட்டு வந்தாரு. வந்ததும் மறுவாரமே கடலுக்குப் போயிட்டாரு. ஏன்ணே, பயமா இல்லையான்னேன். 'நான் போகலைன்னா, தாண்டுனது உண்மைன்னுல்ல ஆயிரும்'னாரு. நீ என்னமோ பெட்டியப் பூட்டுங்கக்காங்குற."

நான் பெட்டியைப் பூட்டவில்லை. ஆனால் அன்றைக்கும் அதற்கடுத்த நாளும் பறந்ததை நினைத்தால் இப்போதும் என்மேலேயே ஆத்திரம் வருகிறது. பயம். எங்கே போனாலும் இடப்பக்கமே சுற்றினேன். வலது றெக்கை தூக்கினாலும் இடப்பக்கம் சாய்த்து, தெர்மலைக் கோட்டைவிட்டு, மறுபடி தேடினேன். முதல் ஆளாக நுழைந்த இடத்திலும், யாராவது வந்து புகார் சொல்லிவிடுவார்களோ என்று இடமாகவே சுற்றினேன். இரண்டு நாளும் கடைசி ஐந்து பேருக்குள் வந்தேன். கூட்டத்தில் முப்பத்தேழு என் பக்கம் பார்த்து, திருந்திவிட்டாய் என்பதுபோல் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்குப் பூஜ்யமே தேவலை.

கடைசி நாள், ஆறாம் நாள். வானம் பாலாடை கட்டியதுபோல் மங்கிவிட்டது. வெயில் தரையில் பிடிக்கவில்லை. திரும்புகிற வழியில், திடலுக்கு முப்பது கிலோமீட்டர் இருக்கும்போது எல்லோருமே தாழ்ந்துவிட்டோம். எனக்கு முன்னாலும் பின்னாலும் சிதறலாகப் பத்துப் பன்னிரண்டு வெள்ளைப் பூச்சிகள், எல்லாம் இறங்குமுகம். கீழே பச்சை வயலும் காடும். பச்சையிலிருந்து காற்று கிளம்பாது.

இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி ஒரு கல்குவாரி தெரிந்தது. வழியை விட்டு விலகி யாரும் அங்கே போகவில்லை. நான் பிறந்தது கல்குவாரிக்குப் பக்கத்தில். எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால், வெயில் மங்கின மாலையிலும் இலுப்பூர் சாலையில் இருக்கும் குவாரிக்கு மேலே மட்டும் பருந்து சிறகசைக்காமல் ஏறிக்கொண்டே இருக்கும். பாறை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதற்கு எந்தப் பயிற்சியாளரும் வேண்டியதில்லை. திருப்பினேன்.

குவாரிக்கு மேலே போகும்போது முந்நூறு மீட்டர்தான் உயரம். ஏற முடியாவிட்டால் இறங்குவதற்குக் கீழே ஒரு வயலையும் பார்த்து வைத்துக்கொண்டேன். வலது றெக்கை தூக்கியது. சின்னத் தூக்கல்தான், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத தூக்கல். இடப்பக்கம் சாய்த்தால் அது போய்விடும். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், இரண்டு தோளுக்குப் பின்னாலும் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. மறுபடி பார்த்தேன். பிறகு, "பிள்ளையாரப்பா" என்று வாய்விட்டுச் சொல்லி வலப்பக்கம் சாய்த்தேன்.

ஏறியது. முதலில் ஆமை வேகம், மூன்றாவது சுற்றில் நல்ல வேகம். ஐந்நூறு, அறுநூறு. நான் ஏறுவதைப் பார்த்து, இறங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வர ஆரம்பித்தார்கள். முதல் ஆள் நுழைந்தார், வலப்பக்கம் சாய்த்தார். இரண்டாவது ஆளும் அப்படியே. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். ஒன்பதாவதாக, எல்லோருக்கும் கீழே, மரத்தில் உரசிவிடுகிற உயரத்தில் ஒன்று தவழ்ந்து வந்தது. சிவப்புத் தொப்பி. அவர் நேராக வந்து, ஒரு நொடி தயங்கி, வலப்பக்கம் சாய்த்தார்.

பத்துக் கிளைடர்கள். எல்லாம் என் பக்கம். போலந்து வானத்தில் ஒரு கல்குவாரியை வலம் வந்துகொண்டிருந்தோம். நான் சத்தமாகச் சிரித்தேன். கண்ணில் தண்ணீரும் வந்தது. ரேடியோவில் மட்டும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாலை விருந்தில் முப்பத்தேழு கையில் கோப்பையோடு என்னிடம் வந்தார். "அந்தக் குவாரி என்னைக் காப்பாற்றியது. நல்ல இடம் பிடித்தீர்கள்" என்றார்.

"உங்களுக்கும் வலப்பக்கம் சுற்றத் தெரிகிறதே" என்றேன்.

பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார். "இன்று நீங்கள்தானே முதலில் இருந்தீர்கள்."

"அன்றைக்கும் நான்தான் முதலில் இருந்தேன்."

சிரிப்பு நின்றது. "அது முடிந்துபோயிற்றே" என்று சொல்லிவிட்டு வேறு யாரையோ பார்த்துக் கையாட்டிக்கொண்டே போய்விட்டார். இறுதிப் பட்டியலில் அவர் ஐந்தாவது, நான் முப்பத்தொன்றாவது. மூன்றாம் நாளுக்கு நேரே என் பெயரில் ஒரு பூஜ்யம், பக்கத்தில் "ஆபத்தான பறத்தல்" என்று அடிக்குறிப்பு.

விடிந்ததும் மதிப்பெண் போடும் அறைக்குப் போனேன். அங்கே கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி மட்டும் இருந்தார். மூன்றாம் நாள், மர ஆலை, என் கோடும் முப்பத்தேழின் கோடும், நேரத்தோடு ஒரே தாளில் வேண்டும் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அச்சடித்தார். தாளைப் பார்த்தார். பேனாவை எடுத்து, சிவப்பு வளையங்கள் நாலுக்கும் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று அழகாக எண் போட்டுக் கொடுத்தார்.

அறிவிப்புப் பலகையில் அந்தப் புகார்த் தாள் அப்படியே இருந்தது. அதன்மேல் என் தாளை வைத்தேன். குத்துவதற்கு ஊசி இல்லை. அவர்கள் தாளிலிருந்து ஒன்றைப் பிடுங்கலாம்தான். அதுவும் ஒரு புகாராகிவிடும்.

எஞ்சினை ஓடவிட்டுக் காரில் காத்திருந்த பாத்திமாக்கா இறங்கி வந்தார். தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். முக்காட்டிலிருந்து நாலு ஊசிகளை உருவி என் உள்ளங்கையில் வைத்தார்.

"நாலு மூலையிலயும் குத்து புள்ள" என்றார். "காத்துல பறந்துறப் போகுது."